பஸ் தடம் போடப் போகிறீர்களா? பெயிண்ட் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

நகரத்தில் பஸ்ஸுக்குத் தனித் தடம் வேண்டும் என்று பேச்சு எழுந்ததுமே பலர் பெயிண்ட்டைத்தான் நினைக்கிறார்கள். சாலையோரம் ஒரு மஞ்சள் கோடு, தரையில் பெரிய எழுத்தில் 'பஸ்', ஒரு திறப்பு விழா, போட்டோ. மூன்று மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். கோட்டின் மேல் ஒரு கார் நிற்கும், அதற்குப் பின்னால் இளநீர் வண்டி நிற்கும், பஸ் வழக்கம்போல நடு லேனில் ஊர்ந்துகொண்டிருக்கும்.

மாநகராட்சியில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர், போக்குவரத்துக் கழகத்தின் திட்டப் பிரிவுக்கு மாற்றலாகி வந்தவர், நகரமைப்பு படிக்கும் மாணவர், தன் வார்டில் இதைக் கேட்டு வாங்க நினைப்பவர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். நகர பஸ் நேரத்தை இழப்பது பெரும்பாலும் நிற்கும்போது. அதனால் தடத்தின் வடிவமைப்பை ஸ்டாப்பிலும் சிக்னலிலும் ஆரம்பிக்க வேண்டும். எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்விக்குக் கடைசியில் வரலாம்.

முதலில் பஸ்ஸில் ஏறுங்கள்

வரைபடத்தை விரித்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள். எந்தச் சாலையோ அந்தச் சாலையில் ஓடும் பஸ்ஸில் காலை எட்டரைக்கு ஏறி, முன்னால் சாலை தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொள்ளுங்கள். கையில் ஒரு நோட்டு. பஸ் நிற்கும் ஒவ்வொரு முறையும் எதற்கு நின்றது, எத்தனை வினாடி நின்றது என்று எழுதுங்கள். ஆள் ஏற இறங்கவா, சிவப்பு விளக்குக்கா, முன்னால் ஷேர் ஆட்டோ மறித்ததாலா, ஸ்டாப்பில் முந்தைய பஸ் இன்னும் கிளம்பாததாலா, கிளம்பிய பிறகு யாரும் வழி விடாததாலா. வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு நேரங்களில் இப்படிக் குறித்து வந்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். நேரம் சாலை முழுக்கச் சீராகக் கரைவதில்லை. ஒரு ஜங்ஷன், ஒரு மேம்பாலத்தின் இறக்கம், ஒரு மார்க்கெட் வாசல், ஒரு பள்ளிக்கூட கேட் என்று நாலைந்து இடங்களில் மொத்தமாகக் கொட்டிப் போகிறது.

பஸ்களில் ஜி.பி.எஸ். கருவி இருந்தால் டெப்போவிடம் பழைய பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். எங்கே வேகம் செத்துப் போகிறது என்று அது சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதற்கு அந்த நோட்டு வேண்டும். சராசரி நேரத்தை மட்டும் பார்த்து ஏமாறவும் வேண்டாம். ஒரு பயணம் சராசரியாக 40 நிமிடம் என்று தாளில் இருக்கும். வாரத்தில் ஒரு நாள் 65 நிமிடம் ஆகிறது என்றால் வேலைக்குப் போகிறவர் தினமும் அந்த 65-ஐ நம்பித்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறார். தடம் கொடுக்கும் பெரிய லாபம் அந்த மோசமான நாளைச் சுருக்குவதுதான். எனவே தடம் போடுவதற்கு முந்தைய அளவீட்டிலேயே அந்த மோசமான நாளும் பதிவாகியிருக்க வேண்டும்.

ஆளை எண்ணுங்கள்

ஒரு லேனை பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் கதி என்ன? முதல் கூட்டத்திலேயே இந்தக் கேள்வி வரும். சிக்னல்கள் உள்ள நகரச் சாலையில் ஒரு லேன் மணிக்கு 900 காரைக் கடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். காருக்கு ஒன்றரை ஆள் என்றால் 1,350 பேர். அதே லேனில் மணிக்கு 30 பஸ், பஸ்ஸுக்கு 50 பேர் என்றால் 1,500 பேர் போய்விடுகிறார்கள், லேனும் பெரும்பாலான நேரம் காலியாக இருக்கிறது. பிறகு வம்பைக் கொண்டுவருவதும் அந்தக் காலி இடம்தான். நெரிசலில் மாட்டிய காரிலிருந்து பார்ப்பவருக்கு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடும் தடம் சும்மா கிடக்கும் சாலையாகத் தெரியும்.

டூவீலர் மிகுந்த நம் ஊர்களில் கணக்கு இவ்வளவு சுலபமாக முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு லேன் அகலத்தில் டூவீலர்கள் இரண்டு மூன்றாக ஒட்டிப் போகும். ஆள் கணக்கில் அவை காரை எளிதாக மிஞ்சும். ஆகவே மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பஸ் மட்டுமே ஓடும் சாலையில் நாள் முழுவதும் தனித் தடம் கேட்டு மல்லுக்கட்டாதீர்கள். தோற்பீர்கள், தோற்பதும் நியாயமே. அங்கே சிக்னலுக்கு முன்னால் ஒரு குட்டித் தடமும், ஸ்டாப்பைச் சீராக்குவதும் போதும்.

போக்குவரத்துக் கழகத்தாரிடம் பேசும்போது வேறு கணக்கைக் கையில் எடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடும் ரூட்டில் போய்வர 120 நிமிடம் ஆகிறது என்றால் 12 பஸ் வேண்டும். தடத்தால் அது 100 நிமிடமாகக் குறைந்தால் பத்து பஸ்ஸே போதும். இரண்டு பஸ்ஸும் அவற்றின் டிரைவர், கண்டக்டர்களும் மிச்சம். அல்லது அதே 12 பஸ்ஸை வைத்து சுமார் எட்டரை நிமிடத்துக்கு ஒன்று என்று நெருங்கி ஓட்டலாம். புது பஸ் வாங்கப் பணம் இல்லை என்று சொல்லும் அதிகாரியும் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்.

நடுவிலா, ஓரத்திலா?

தடத்தைச் சாலை நடுவில் மீடியனை, அதாவது நடுத் தடுப்பை, ஒட்டிப் போடலாம், அல்லது இடது ஓரத்தில் நடைபாதையை ஒட்டிப் போடலாம். நடுத் தடத்தில் பார்க்கிங் தொல்லை இல்லை, இடது பக்கம் திரும்பும் வண்டிகளின் குறுக்கீடு இல்லை, கடை வாசல் சண்டை இல்லை. வேகம் கிடைக்கும். ஆனால் பயணி ஒவ்வொருவரும் பாதிச் சாலையைக் கடந்துதான் பஸ்ஸுக்கு வர வேண்டும். நம் பஸ்ஸின் கதவு இடது பக்கம் இருப்பது இன்னொரு சிக்கல். அகமதாபாத்தில் 2009-ல் தொடங்கிய ஜன்மார்க் என்ற தனித்தட பஸ் சேவையில் நடுவில் நிலையம் கட்டி, வலது பக்கம் கதவு வைத்த பஸ்களை விட்டார்கள். டெல்லியில் சாதாரண பஸ்களே ஓட வேண்டும் என்று முடிவு செய்து, தடத்துக்கு இடது பக்கம் நடைமேடை கட்டினார்கள்.

டெல்லி அனுபவத்தைப் புதியவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 2008-ல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு நடுத் தடம் திறந்தார்கள். ஸ்டாப்புகளை ஜங்ஷனை ஒட்டி வைத்தார்கள். எந்த ரூட் பஸ்ஸும் உள்ளே வரலாம் என்பதால் சிக்னலுக்கு முன்னால் பஸ்கள் வரிசை கட்டின. பஸ்ஸுக்கு ஒன்று, நேராகப் போவதற்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று என்று சிக்னலில் கட்டங்கள் கூடிக்கொண்டே போய், ஒரு சுற்று முடியவே நெடுநேரம் ஆனது. காரில் இருந்தவர்களுக்கும் எரிச்சல், பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் முழு பலன் இல்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012-ல் மனு தள்ளுபடியாகி, தடத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஆனாலும் 2016-ல் அதை இடித்துவிட்டார்கள். கோர்ட்டில் ஜெயித்தும் ஜங்ஷனில் தோற்ற திட்டம் என்றுதான் அதைச் சொல்வேன்.

முதல் தடம் போடுகிறவருக்கு என் யோசனை: ஓரத்தில் ஆரம்பியுங்கள். செலவு குறைவு, தவறினால் திருத்தலாம்.

ஓரத்தின் தரையைப் பாருங்கள்

இடது ஓரம் என்பது பெரும்பாலான நகரங்களில் சாலையின் ஆக மோசமான பகுதி. மேன்ஹோல் மூடிகள், மழைநீர் வடிகாலுக்கு இறங்கும் கேட்ச் பிட்கள், கேபிளுக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம் எல்லாம் அங்கேதான். சாலைக்கு மேல் சாலையாகத் தார் போட்டதில் மூடிகள் ஒரு சாண் உள்ளே போயிருக்கும், அல்லது முட்டி போட்டுக்கொண்டு மேலே நிற்கும். மழை பெய்தால் தண்ணீர் முதலில் தேங்குவதும் அங்கேதான். 'பஸ் தடம் போட்டாச்சு, டிரைவர் ஏன் அதில் போவதில்லை?' என்று கேட்கும் அதிகாரி ஒரு முறை அந்த ஓரத்தில் டூவீலரில் போய்ப் பார்த்தால் போதும். பஸ் குலுங்கினால் பயணிகள் திட்டுவது டிரைவரை. அவர் வலது பக்கம் ஒதுங்கத்தான் செய்வார்.

ஆகவே மதிப்பீட்டில் முதல் செலவாக மூடிகளைச் சமப்படுத்துவதையும் வடிகாலையும் எழுதுங்கள். ஸ்டாப் இருக்கும் இடத்தில் தார் தாங்காது. பஸ் பிரேக் பிடித்துப் பிடித்து நிற்கும் இடத்தில் தார் பிதுங்கி அலையாக எழும்பியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே மட்டுமாவது கான்கிரீட் தளம் போட வேண்டும்.

அகலத்துக்கு வருவோம். பஸ்ஸின் உடல் சுமார் 2.6 மீட்டர், இரண்டு பக்கக் கண்ணாடிகள் தனி. தடம் 3.5 மீட்டர் இருந்தால் நிம்மதி, நெருக்கடியில் 3.25. மரக்கிளை, மின்கம்பம், கடைப் பலகை ஆகியவை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த அளவுக்கு அகலம் போச்சு. சைக்கிளையும் இதே தடத்தில் விடுவதாக இருந்தால், பஸ் பாதுகாப்பாக முந்திப் போகும்படி நாலே கால் மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓர் அகலம் வைத்தால் ஆபத்து: முந்த முடியும் என்று டிரைவருக்குத் தோன்றும், உண்மையில் இடம் இருக்காது.

ஸ்டாப்

தடத்தின் உண்மையான கொள்ளளவைத் தீர்மானிப்பது ஸ்டாப். ஒரு பஸ் வந்து, நின்று, ஆளை ஏற்றி, இடத்தைக் காலி செய்ய 40 வினாடி என்றால், ஒரு பஸ் நிற்கும் இடத்தில் மணிக்கு 90 பஸ் போகலாம் என்று காகிதத்தில் வரும். ஆனால் முன்னாலிருக்கும் சிக்னல் பாதி நேரம் சிவப்பு; அது 45 ஆகிறது. பஸ்கள் சீராக வராமல் மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு வருவதைக் கழித்தால் 30-ஐ எதிர்பார்ப்பதே புத்திசாலித்தனம். அதற்கு மேல் பஸ் ஓடும் சாலையில் ஒரே நிழற்குடை போதாது. ரூட்டுகளைப் பிரித்து இரண்டு, மூன்று நிறுத்தங்களாக வையுங்கள். எந்த எண் எங்கே நிற்கும் என்று கண்ணில் படும்படி பலகை வையுங்கள். இல்லாவிட்டால் பயணிகள் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள், டிரைவர் நடுச்சாலையில் நிறுத்துவார், பின்னால் மொத்தமும் நிற்கும்.

பஸ்ஸுக்கென்று நடைபாதையை உள்ளே குடைந்து நிறுத்தும் இடம் கட்டுவது பலருக்கு வசதியாகத் தெரிகிறது. வசதி மற்ற வண்டிகளுக்குத்தான். உள்ளே போன பஸ் வெளியே வர யாரிடமாவது கெஞ்ச வேண்டும். சிங்கப்பூரில் அப்படி வெளியே வரும் பஸ்ஸுக்கு வழிவிடுவதைச் சட்டமாகவே ஆக்க வேண்டியிருந்தது. 2008-லிருந்து அந்த ஏற்பாடு நடக்கிறது, ஸ்டாப்பை ஒட்டித் தரையில் அதற்கென்று குறியும் உண்டு. தனித் தடம் உள்ள சாலையில் குடைவே வேண்டாம். பஸ் தடத்திலேயே நிற்கட்டும், நடைமேடை அதன் படிக்கட்டு வரை வரட்டும். பஸ் நெருக்கமாக ஓடும் ஸ்டாப்பில் மட்டும் ஒரு பஸ் இன்னொன்றைத் தாண்டிப் போக இடம் விடுங்கள்.

முடிந்தவரை ஸ்டாப்பை ஜங்ஷனைத் தாண்டி வையுங்கள். சிக்னலுக்கு முன்னால் ஸ்டாப் இருந்தால், ஆள் ஏற்றும்போது பச்சை வீணாகும், ஏற்றி முடித்ததும் சிவப்பு விழும்.

ஜங்ஷன்

ஓரத் தடத்துக்குப் பெரிய எதிரி இடது பக்கம் திரும்பும் வண்டிகள். தடத்தை சிக்னலில் வண்டிகள் நிற்க வேண்டிய கோடு வரை இழுத்துக்கொண்டு போனால் அவை பஸ்ஸுக்குக் குறுக்கே வெட்டும். ஆகவே தடத்தைக் கொஞ்சம் முன்பே முடித்து, மீதி இடத்தைத் திரும்பும் வண்டிகளுக்கும் பஸ்ஸுக்கும் பொதுவாக விடுவார்கள். எவ்வளவு முன்பே? பிரிட்டனில் ஒரு எளிய கணக்கு புழங்குகிறது: பச்சை எத்தனை வினாடியோ அதைப்போல் இரு மடங்கு மீட்டர். பச்சை 40 வினாடி என்றால் 80 மீட்டர். அப்படிச் செய்தால் ஒரே பச்சையில் அந்தப் பொது இடம் காலியாகி, பஸ்ஸும் கடந்துவிடும். அங்கிருந்து கணக்கை ஆரம்பித்து உங்கள் ஜங்ஷனில் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். சிக்னலுக்குக் காத்திராமல் இடது பக்கம் திரும்பும் ஃப்ரீ லெஃப்ட் இருந்தால் அதன் வாயில் நிற்கும் ஆட்டோக்களை முதலில் கிளப்ப வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

சிக்னலும் உதவலாம். பஸ் நெருங்குவதை உணர்ந்து பச்சையைச் சில வினாடி நீட்டுவது, சிவப்பைச் சில வினாடி முன்பே முடிப்பது என்று இரண்டு வழிகள் உண்டு. ஒரு நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும் சாலையில் எல்லா பஸ்ஸுக்கும் சலுகை கொடுத்தால் குறுக்குச் சாலை செத்துவிடும்; அங்கே தாமதமாக ஓடும் பஸ்ஸுக்கு மட்டும் கொடுப்பார்கள். இந்தக் கருவியெல்லாம் இல்லாத ஊரிலும் ஒன்று செய்யலாம். போலீஸ்காரர் கையால் சிக்னல் மாற்றும் ஜங்ஷனாக இருந்தால், பஸ் வரும் பக்கத்தில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற கணக்கை அவரிடம் கொடுங்கள். அவர் கண்ணில் படுவது வண்டி வரிசையின் நீளம் மட்டும்.

தூணா, கோடா?

பெங்களூருவில் 2019 அக்டோபரில் வெளிவட்டச் சாலையில், சில்க் போர்டு முதல் கே.ஆர்.புரம் பக்கம் வரை பஸ் முன்னுரிமைத் தடம் கொண்டுவந்தார்கள். ஐ.டி. அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் சாலை. தடத்தைப் பிரிக்கச் சிறு தூண்கள் நட்டார்கள். பஸ்ஸின் வேகம் கண்கூடாகக் கூடியது. ஆனால் தூண்களில் பல உடைந்தன, இடைவெளிகளில் டூவீலர்கள் புகுந்தன, பிறகு மெட்ரோ கட்டுமானம் வந்தபோது தடமே போய்விட்டது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. தூண் நடுவதென்றால் உடைந்ததை மாற்ற ஆளும் கையிருப்பும் டெண்டரிலேயே இருக்க வேண்டும். தூணுக்குள் பழுதாகி நிற்கும் பஸ் தடம் முழுவதையும் அடைத்துவிடும்; சில நூறு மீட்டருக்கு ஒரு முறை வெளியேற வழி வேண்டும், இழுவை வண்டி பக்கத்திலேயே நிற்க வேண்டும். இரவில் தெரியும்படி ஒளிரும் பட்டை இல்லாத தூண் டூவீலர்காரருக்கு எமன். அப்புறம், அடுத்த ஐந்து வருடத்தில் அந்தச் சாலையில் மெட்ரோ, மேம்பாலம், குடிநீர்க் குழாய் என்று யார் யார் தோண்டப் போகிறார்கள் என்று முதலிலேயே எல்லாத் துறையிலும் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

சட்டமும் ஒத்திகையும்

கோடு போட்டுவிட்டால் மட்டும் சலான் எழுத முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-வது பிரிவின் கீழ், மாநில அரசு அல்லது அது அதிகாரம் கொடுத்தவர்கள், ஒரு சாலையில் எந்த வண்டி ஓடலாம் என்று கட்டுப்படுத்தலாம். அது அரசிதழில் வெளியாக வேண்டும். அடையாளப் பலகை வைக்கும் அதிகாரம் 116-ல். இதில் புதியவருக்கு ஒரு நல்ல வாசல் இருக்கிறது: கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேற்படாது என்றால் அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை, உள்ளூரில் தகுந்த விளம்பரம் செய்தால் போதும். ஆகவே பேரிகேடும் கூம்பும் வைத்து ஒரு மாதம் ஒத்திகை பாருங்கள். பள்ளி விடுமுறை மாதத்தில் பார்க்காதீர்கள். அப்போது எல்லாத் தடமும் வெற்றிதான்.

கடைக்காரர்களிடம் ஒத்திகைக்கு முன்பே போங்கள், கூட்டமாகக் கூப்பிடாமல் கடை கடையாக. வாடிக்கையாளர் கார் நிறுத்த இடமில்லை என்பார்கள். சரக்கு இறக்குவது எப்படி என்பதுதான் அதைவிட உண்மையான சிக்கல், அதற்குத் தீர்வு நேரத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் 1974-லிருந்து பஸ் தடங்கள் உண்டு. சாதாரணத் தடங்கள் வார நாட்களில் காலை 7.30 முதல் 9.30 வரை, மாலை 5 முதல் 8 வரை மட்டும் பஸ்ஸுக்கு. நெருக்கடியான சாலைகளில் நாள் முழுவதும் நடைமுறையில் இருக்கும் தடத்துக்கு மஞ்சள் கோட்டோடு ஒரு சிவப்புக் கோடும் சேரும். உங்கள் ஊரில் நேரத்தை ஒரே மாதிரி வையுங்கள். ஒவ்வொரு சாலைக்கும் ஒரு நேரம் என்றால் போலீஸுக்கே நினைவிருக்காது.

காவல்

நியூயார்க்கில் 2019 முதல் பஸ்ஸின் முன்கண்ணாடியிலேயே கேமரா வைத்து, தடத்தில் நிற்கும் வண்டிகளைப் படம் எடுக்கிறார்கள். கேமராவோ, கிரேன் வண்டியோ, முதல் சில வாரங்களில் பிடி தளரக் கூடாது. எச்சரிக்கைக் காலம் எத்தனை நாள், அபராதம் எந்தத் தேதி முதல் என்று அறிவித்துவிட்டு, அந்தத் தேதியை மாற்றாதீர்கள். மந்திரி வண்டி, போலீஸ் ஜீப், மாநகராட்சி லாரி முதலில் தடத்தை மதிக்கட்டும். ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் எப்போதும் வழி உண்டு. அதற்கு மேல் டாக்ஸி, மின்சார கார், பள்ளி வேன் என்று ஒவ்வொருவராக விலக்கு கேட்டு வருவார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு மறுக்கக் காரணம் கிடைக்காது.

கட்டுப்பாடு பஸ்ஸுக்கும் உண்டு. டெல்லியில் 2022 ஏப்ரல் 1 முதல் 15 வழித்தடங்களில் பஸ் தடத்தை அமல்படுத்தத் தொடங்கிய நடவடிக்கையில், தடத்தை விட்டு வெளியே ஓட்டும் பஸ் டிரைவர்கள் மீதும் அபராதம் பாய்ந்தது. தடத்தில் பள்ளம் இல்லை, ஸ்டாப்பில் ஆட்டோ இல்லை என்று உறுதி செய்துவிட்டு அபராதம் போட்டால் நியாயம். டிரைவர்களை முதலில் சாலைக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். தடம் எங்கே உதவும், எங்கே உபத்திரவம் என்று அவர்கள் சொல்வது எந்த ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையிலும் இருக்காது.

ஆறு மாதம் கழித்து அதே நோட்டை எடுத்துக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறுங்கள். பழைய நாலைந்து இடங்களில் எது சரியானது, எது அடுத்த ஜங்ஷனுக்கு நகர்ந்தது என்று பாருங்கள். பலன் இல்லாத துண்டு இருந்தால் தயங்காமல் அழித்துவிட்டு, அந்த பெயிண்ட் செலவைப் புதிதாக முளைத்த நெரிசலுக்கு மாற்றுங்கள். கோடுகள் முதலில் தேய்வது இடது திருப்பத்தில் வண்டிகள் குறுக்கே வெட்டும் இடத்தில். சென்னை போல வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஊரில் மறுபூச்சை மழைக்கு முன் போட்டால் காசு தண்ணீரோடு போகும். ஜனவரியில், சாலை ஒட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.